நீச்சல் குளத்துக்கு எதிராகப் பேசப் போனவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கலைத் தாகத்தில் பிறந்ததல்ல, சொத்து வரியில் பிறந்தது. வீட்டை அளக்க வந்த நகராட்சி ஆட்கள், நான் உட்கார்ந்து எழுதும் பின்னறையை ‘வணிகப் பயன்பாடு’ என்று குறித்துவிட்டுப் போனார்கள். அந்த அறையில் எனக்கு வரும் வருமானம் தெரிந்திருந்தால் வரிக்குப் பதில் உதவித்தொகை கொடுத்திருப்பார்கள். ஆட்சேபணை எழுதி, நகலெடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மனுவோடு போனவன் கதையோடு திரும்பினேன். (மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.)

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

‘நீச்சல் குளம் அமைதியாக இருந்தது.’ பள்ளிக்கூடம் விட்ட பிறகு எந்தக் குளமும் அமைதியாக இருந்ததில்லை. அடித்துவிட்டேன்.

‘மனிதன் நீரிலிருந்து வந்தவன், ஆகவே’

ஆகவே என்ன? எனக்கும் தெரியவில்லை.

‘ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் நியாயம்.’ இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

‘நியாயமா பாத்தா’ என்று தொடங்காமல் அவருக்கு வாயே திறக்காது. கடையில் தாள் தீர்ந்தால்கூட, “நியாயமா பாத்தா இத நேத்தே வாங்கியிருக்கணும்” என்பார். அதனால் அந்தப் பெயர்.

அந்தச் சமயம் நகராட்சி ஊராரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. சொத்து வரியை உயர்த்தி, விரிசல் விட்ட நீச்சல் குளத்தைப் பழுது பார்க்கலாமா? அல்லது வரியைத் தொடாமல் குளத்தை மூடிவிடலாமா? கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று அறிவிப்பு. ஆட்சேபணை எழுதியவர்கள் எல்லாம் நகலெடுக்க நியாயத்திடம்தான் வந்தார்கள். மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் முன் ஒவ்வொன்றையும் அவர் ஒரு பார்வை பார்த்துவிடுவார். ஊரார் கோபம் முழுக்க அவர் கைவழியே போனதில், கொஞ்சம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

சொந்தக் கோபமும் இருந்தது. கடை இருந்தது வாடகை இடத்தில். கட்டட உரிமையாளர் வந்து, “வரி ஏறினா வாடகையும் ஏறும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு ஏற்றத்தைத் தாங்க அந்தக் கடையால் முடியாது. அது அவருக்கு மனக்கணக்காகவே தெரியும்.

தெருவுக்காக யார் பேசுவது என்றபோது எல்லா விரல்களும் அவர் பக்கமே நீண்டன. என் விரலும்தான்.

3

(இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது.)

நியாயத்தின் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவர். முதல் படியில் அவரை ‘மூட்டுவலியால் வாடும் பெண்மணி’ என்று எழுதியிருந்தேன். பார்த்தால் மருந்துக் கடை விளம்பரம் மாதிரி இருந்தது. உள்ளதை மட்டும் சொல்கிறேன். மெஷினை மிதித்து மிதித்து முட்டி வலித்தது. இடுப்பளவு தண்ணீரில் நடக்கச் சொன்னார் டாக்டர். நீச்சல் குளத்தில் காலையில் பெண்கள் நேரம் உண்டு. “நடக்கப் போறேங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எங்கே என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஈரத் தலையோடு திரும்பியதைப் பார்த்து ஒரு நாள், “நடந்துட்டு வந்து குளிக்கலாம்ல? குளிச்சுட்டா நடக்கப் போவாங்க?” என்று மட்டும் கேட்டாராம்.*

* ஏன் சொல்லவில்லை என்று பிறகு அந்த அம்மாவைக் கேட்டேன். “சொன்னா, நியாயமா பாத்தான்னு ஆரம்பிப்பாரு சார். அவரு முடிக்கறதுக்குள்ள பெண்கள் நேரம் முடிஞ்சுடும்.”

4

கூட்டம் நகராட்சி மாடி அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தலை தொங்கிய மைக், நீளமான மேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள், நடுவில் தலைவர் அம்மா. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரியவர் எழுந்து, “நான் குளத்துக்குப் போறதில்ல, பூங்காவுக்குப் போறதில்ல, நூலகத்துக்கும் போறதில்ல. நான் எதுக்கு வரி கட்டணும்?” என்றார்.

“ரோட்டுல நடந்துதான சார் இங்க வந்தீங்க?” என்றார் தலைவர் அம்மா.

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். தம் மனைவி பெயரில் ஊரில் வேறொருத்தியும் இருக்கிறாள் போல என்றுதான் நியாயம் நினைத்தார். குளத்துக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தது அவர் மனைவியேதான். அந்த அம்மாவின் கையில் ஒரு தாள் இருந்தது. மைக் முன்னால் நின்று அதைப் பார்த்தார். பிறகு மடித்துக் கைப்பையில் வைத்தார்.

“குளத்துக்கு வர்ற எங்க கூட்டத்துல எல்லாரும் முட்டிவலின்னு சொல்லச் சொன்னாங்க. உடம்புக்குன்னு சொன்னாத்தான் நகராட்சி காசு குடுக்குமாம். என் முட்டி சரியாகி ரொம்ப நாளாச்சுங்க. நான் இப்ப தண்ணியில நடக்கறதே இல்ல. மிதக்கறேன். மல்லாந்து படுத்துக்கிட்டுக் கூரையப் பாத்துட்டிருப்பேன். அந்த நேரத்துல யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. இதுல ஊருக்கு என்ன லாபம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா எனக்கு அது வேணும்.”

நியாயத்துக்கு வரி மறந்தது, வாடகை மறந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து ‘எனக்கு வேணும்’ என்று அவர் கேட்டதே இல்லை. துணிக்கடையில்கூட, “உங்களுக்குப் புடிச்சத எடுங்க” என்பவள். இப்போது ஒன்று வேண்டும் என்கிறாள்; அதை ஊரோடு சேர்ந்து தானும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெருமையா, வலியா என்று பிரித்துப் பார்க்கும் முன் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர்.

5

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. எழுதிக் கிழித்தவை இவை.

அவர் தம் மனுவை அங்கேயே கிழித்துப் போட்டு, குளம் வேண்டும் என்கிறார், கைதட்டல். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. என் கண் வெங்காயத்துக்கும் கலங்கும் என்பதால் அதை நம்பவில்லை.

அவர் பேசாமல் வெளியே போகிறார், மனைவி பின்னாலேயே ஓடுகிறாள், வெளியே மழை பெய்துகொண்டிருந்

அன்று மழை இல்லை. அந்த அம்மா யார் பின்னாலும் ஓடுகிறவரும் இல்லை.

நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

6

“நியாயமா பாத்தா” என்று தொடங்கி நிறுத்தினார். மைக் ஒருமுறை கீச்சிட்டது.

“இப்ப பேசுனது என் வீட்டுக்காரி. அவ மிதக்கறது எனக்கே இப்பத்தான் தெரியும்.”

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“அவளா ஒண்ணு வேணும்னு கேட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன். அவ சொன்னது உண்மை. ஆனா நான் சொல்ல வந்ததும் உண்மை. வரி ஏறினா வாடகை ஏறும், வாடகை ஏறினா என் கடை நிக்காது. பொண்டாட்டி பேசிட்டாங்கறதுக்காக இத நான் மாத்திச் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலேருந்துதான் வந்திருக்கோம். எங்க வீட்டுலயே ரெண்டு இருக்கு. உங்கள நம்பித்தான் வந்தோம், பாத்துச் செய்யுங்க.”

“நம்ம ஆளு கவுத்துட்டான்யா” என்றார் எனக்குப் பின்னால் ஒருவர். கடைசி வரிசைப் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாதிரி அவர் நடந்து வந்து உட்கார்ந்தார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் என்ன பேசினேன் என்பது யாருக்கும் நினைவில்லை.

7

(வீடு திரும்பிய ஸ்கூட்டரில் நான் இல்லை. இருவரும் தனித்தனியே சொன்னதில் ஒத்துப்போகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“எங்க நடக்கறன்னு நீங்க கேட்டிருக்கலாம்ல?”

சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து வண்டிக்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆழம் எவ்வளவு?”

“கழுத்துக்கு மேல. ஏன்?”

“சும்மா கேட்டேன். பயமா இல்லையா?”

“மொதல்ல இருந்துச்சு. உடம்ப விறைப்பா வச்சுக்கிட்டாத்தான் முழுகுவோமாம். ஒண்ணும் பண்ணாம விட்டுடணும். அதான் கஷ்டம்.”

தமக்குக் கோபமே இல்லை என்கிறார் அவர். ஸ்கூட்டர் ஸ்டாண்டை அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது என்கிறார் அந்த அம்மா. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

8

நகராட்சி என்ன முடிவெடுத்தது? பாதி. கேட்டதில் பாதி வரியை ஏற்றினார்கள். விரிசலைப் பூசிவிட்டு, குளத்தை வாரத்தில் பாதி நாள் திறந்தார்கள். இரண்டு கட்சியும் தோற்றுவிட்டதாகவே சொன்னது. கட்டட உரிமையாளர் மட்டும் பாதிக் கணக்குத் தெரியாதவர். சொன்ன வாடகையை முழுதாக ஏற்றினார். நியாயம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்கு நடுவே ஒரு மரத் தடுப்பு வைத்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவியின் தையல் மெஷின் வந்தது. இப்போது வாடகையில் பாதியைத் திரைச்சீலைகள் கொடுக்கின்றன. “பாதிக் கடை என்னுது, ஞாபகம் இருக்கட்டும்” என்று தடுப்புக்கு மேலாகக் குரல் வருகிறது.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்ப நேரத்தில், நியாயம் குளத்துக்குப் போனார். ஆராய்ச்சி என்ற பெயரில் நானும் போய்க் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரிடமோ இரவல் வாங்கிய அரைக்கால் சட்டையில், இறங்கு ஏணியின் கம்பியை இரு கையாலும் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் அவர் நின்றார். நடுக் குளத்தில் அந்த அம்மா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். நியாயம் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மனைவியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கடையில் கேட்டேன். தாளை அடுக்கியபடியே, “அவகிட்ட சொன்னது சார். உங்களுக்கு எதுக்கு?” என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டேன்.

“மிதக்கும்போது காது தண்ணிக்குள்ள இருக்கும்ல சார்” என்றார் அந்த அம்மா. “என்னவோ சொன்னாருன்னு வாயப் பாத்துத் தெரிஞ்சுது. பதிலுக்குச் சரின்னு தலையாட்டிட்டேன். எதுக்குச் சரின்னேன்னு இதுவரைக்கும் எனக்கும் தெரியல.”

ஆகவே, ஏணியில் நின்றபடி அவர் சொன்னது இதுதான்:

“..........................................”

இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அது எதுவாக இருந்தாலும் அந்த அம்மா ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார்.