முட்டை யாருக்கு ஆகாது?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அன்று. ஒரு மருத்துவரின் கேள்வியிலிருந்து களவாடியது. அயல்நாட்டுப் பயணத்துக்காக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். கையில் கடவுச்சீட்டு, நெஞ்சில் மேடைப் பேச்சு. மருத்துவரோ தலை நிமிராமல், "முட்டை சாப்பிட்டா ஒத்துக்குமா?" என்றார். நாடு தாண்டப் போகிறவனிடம் நாட்டைப் பற்றிக் கேட்காமல் முட்டையைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. இந்த மருந்தைக் கோழி முட்டையிலதான் வளர்க்கறாங்க. முட்டை ஆகாத உடம்புல இதை ஏத்தினா மூச்சே நின்னுடலாம்."

சிரிப்பு நின்றது. கதை தொடங்கியது.

2

முதல் தொடக்கம்: "தோழர்களே! மனிதன் கிழித்த எல்லைக்கோட்டின் முன்னால் மனிதனே கைகட்டி நிற்கும் கொடுமையை..."

(அடித்துவிட்டேன். கோடு மனிதன் கிழித்ததுதான். இந்தக் காய்ச்சலைச் சுமக்கும் கொசுவுக்கு அது தெரியாதே! கடவுச்சீட்டு இல்லாமலே விமானம் ஏறும் பிறவி அது. ஊசி கேட்கிற நாடு தன் பிள்ளைகளைக் காக்கிறது. அதை வைய எனக்கு நாவெழவில்லை. என் கோபத்துக்கு வேறு முகவரி தேட வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருத்தி.

இது இருக்கட்டும். அந்தரத்துக் கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து, வீட்டளவுப் பெட்டிகளைப் பூப்போல் இறக்கிவைப்பவள். கடல் கடந்த துறைமுகம் ஒன்று, தன் ஆட்களுக்கு அந்த வித்தையைப் பழக்க அவளை அழைத்திருக்கிறது. தடுப்பூசி அட்டை இல்லாதவரை அந்த நாடு உள்ளே விடாது. அட்டையோ ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் செல்லும். இன்று போட்டால் பயணம் உண்டு. தவறினால் அந்த வேலை வேறொருவருக்கு. "பிள்ளையை நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று சொன்ன மாமியாரே துணைக்கு வந்திருக்கிறார்.

3

கேள்வி வந்தது. கிரேன்காரி வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"ஐயோ, முட்டை இவளுக்கு ஆகவே ஆகாது டாக்டரம்மா! கல்யாணமாகி வந்ததுலேருந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறேன். கேக் வாங்கினாக்கூட, முட்டை போட்டிருக்கான்னு கேட்டுட்டுதான் வாங்குவேன்."

மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார். "அப்போ போட முடியாது. காரணம் எழுதி ஒரு சான்று தரேன். அந்த நாட்டுல ஏத்துக்கலாம், இல்லே திருப்பியும் அனுப்பலாம்."

"சட்டுனு ஒரு முடிவு சொல்லுங்கம்மா, நாங்களும் பறக்கணும்!" என்றது ஊசிக்குக் காத்திருந்தவர்களின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

கிரேன்காரியின் காதுமடல் சிவந்தது. முட்டை அவளுக்கு ஒத்துக்கொள்ளும். எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்பதற்குத் துறைமுகக் கேன்டீன் கோழிகளே சாட்சி. புதுப்பெண்ணாய் வந்த புதிதில், ஆண்கள் உண்டு எழுந்த பிறகு சட்டியில் ஒரே ஒரு முட்டை மிஞ்சியிருந்தது, உண்ணாதவர்கள் இருவர். "எனக்கு ஆகாது அத்தை" என்று தள்ளி வைத்தாள். ஒரு வேளைக்குச் சொன்ன பொய், வீட்டு உறுப்பினராகவே வளர்ந்துவிட்டது.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன், அடியில் போட்டால் படிக்கமாட்டீர்கள். பசிக்கவில்லை, பிடிக்காது, ஆகாது: கடைசிப் பந்தியின் மூன்று பொய்கள். இவற்றுக்கு எந்த மருத்துவமும் இல்லை. சட்டியை நடுவில் வைத்தால் போதும்.)

4

இங்கே அவளுக்கு ஓர் உரை எழுதினேன்: "அத்தை! ஆண்களுக்கு முதற்பந்தி விரித்த இந்தச் சமூகமன்றோ என் நாவில்..."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தைகிட்ட யாராவது இப்படிப் பேசுவாங்களா சார்? நீங்களே மேடை போட்டுப் பேசிக்குங்க."

நான் ஒதுங்கினேன். அவள் அஞ்சியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறக்காவிட்டால் அந்தத் துறைமுக வேலை கைநழுவிப் போகும். திறந்தால், இத்தனை ஆண்டுகள் தன்னைக் காத்த ஒரு மனம் ஏமாளிப் பட்டம் சுமக்கும்.

"அத்தை... எனக்கு முட்டை ஆகும்."

"என்னடி உளர்றே?"

"அன்னைக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க சாப்பிடட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்."

மாமியார் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். "நான் எங்கே சாப்பிட்டேன்? உங்க மாமாவுக்கு ராத்திரிக்கு எடுத்து வச்சேன். எனக்கும்தான் ஆகாதே."

"நிஜமாவே ஆகாதா அத்தை?"

அவர் சுவரைப் பார்த்தார். "சாப்பிட்டுப் பாத்தாத்தானே தெரியும்."

மருத்துவர் குறுக்கிட்டு, கிரேன்காரி பக்கம் திரும்பினார். "நீங்க கடைசியா எப்போம்மா சாப்பிட்டீங்க?"

"இன்னைக்குக் காலையில, கேன்டீன்ல. ரெண்டு ஆம்லெட்."

"ரெண்டா!" என்றார் மாமியார். பெஞ்சு முழுதும் சிரித்தது. மருத்துவர் துருவித் துருவி இன்னும் சில கேள்விகள் கேட்டார். பிறகு ஊசியைக் கையில் எடுத்தார்.

5

ஊசி போட்டவர் அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. மாமியார் விறுவிறுவென்று வெளியே போனார். கோபம்தான் என்று கிரேன்காரி நினைத்தாள்; நானும் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு காகிதம்; அதில் உரித்த அவித்த முட்டை இரண்டு.

"இந்தா, தின்னு. ரெண்டு தின்னுவியாமே, ரெண்டு! இத்தனை வருஷமா என்னைக் காவல் காக்க வச்சவளே."

கிரேன்காரி ஒன்றை எடுத்துக்கொண்டாள். மற்றதைக் காகிதத்தோடு அவர் பக்கம் நகர்த்தினாள். "ஒண்ணு உங்களுக்கு."

முடிவு ஒன்று: மாமியார் உண்கிறார், கண்ணீர் வழிகிறது. (அடித்தேன். கைதட்டலுக்கு ஆசைப்பட்ட வரி.)

முடிவு இரண்டு: பேரனுக்கென்று கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார். (அடிக்க முயன்றேன். இதுதான் நடக்கும் என்று எனக்குப் பயமாயிருக்கிறது.)

முடிவு மூன்றை நான் எழுதப்போவதில்லை. முட்டை இன்னும் காகிதத்தில் இருக்கிறது, சூடு ஆறவில்லை. இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சோற்றில் கை வைப்பவரிடம், "உங்களுக்கு என்ன ஆகாது?" என்று கேளுங்கள். பதிலை உடனே நம்பிவிடாதீர்கள். தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருங்கள்.