யாரைக் கேட்டுக் கீறினீர்கள்?

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. மறைக்கப் போவதில்லை. தீக்காயப் பிரிவில் பதினெட்டு வருடமாக நர்ஸாக இருக்கும் என் அக்காவுக்கு, ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'வானம் சாம்பல் பூத்துக் கிடந்த அந்தக் காலையில்...'

அக்கா எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு நல்ல வெயில்டி" என்றாள். அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். பெயின்ட் கம்பெனியில் கலவை போடுகிறவர் ஒருவர். தின்னர் டிரம் பற்றிக்கொண்டது. பின்கதவு பூட்டியிருந்தது. (ஆட்கள் டீ குடிக்க நழுவுகிறார்களாம், அதனால் பூட்டாம்.) மார்பும் முதுகும் சுற்றிலும் வெந்துபோய் அவரைக் கொண்டுவந்தார்கள்.

ஆழமாக வெந்த தோல் காய்ந்த செருப்புபோல விறைத்துவிடும். உள்ளே வீக்கம் ஏற ஏற, அது இம்மியும் விரிந்து கொடுக்காது. நெஞ்சு எழும்பாது. அப்போது அந்தச் செத்த தோலை இரண்டு பக்கமும் நீளவாக்கிலும், பிறகு குறுக்கேயும் கீறிவிட வேண்டும். வேறு வழியில்லை.

தொண்டையில் குழாய் போட்டும் காற்று சரியாக உள்ளே போகவில்லை. மூச்சு கொடுக்கும் மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. டியூட்டி டாக்டர், வேலையில் சேர்ந்து ஏழு மாதமான பெண், தலைமை சர்ஜனுக்குப் போன் செய்தாள். அவர் மீட்டிங்கில் இருந்தார். தான் வரும்வரை யாரும் கத்தியைத் தொடக்கூடாது என்றார். இருபது நிமிடம் கழித்தும் அதே பதில்.

3

சர்ஜனை வில்லனாக்கப் பார்த்தேன். தங்கக் கடிகாரம் மாட்டி, தொந்தியும் வைத்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒல்லியான மனுஷன், கைராசிக்காரர், எத்தனையோ பேரை இப்படிக் கீறியே பிழைக்கவைத்தவர் என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. தெரியாதவர் தாமதித்தால் மன்னித்துவிடலாம்.

4

கலவைக்காரரின் உதடு நீலம் பாரித்தது. டாக்டரின் கை நடுங்கி—

(நடுங்கியதாக அக்கா சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. எடுத்துவிடுகிறேன்.)

"நான் பார்த்திருக்கேன், செஞ்சதில்ல சிஸ்டர்" என்றாள் டாக்டர்.

"அது செத்த தோல்மா. நான் கோடு போடுறேன், நீங்க கீறுங்க."

பேனாவால் அக்கா கோடு இழுக்க, டாக்டர் கீறினாள். தோல் விரலகலம் விலகிக் கொடுத்தது. நெஞ்சு மேலே எழும்பியது. மெஷின் அடங்கியது. மொத்தம் நான்கு நிமிடம். கசிவை நிறுத்திக் கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் சர்ஜன் வந்தார். நோயாளியைப் பார்க்கும் முன்பே கேட்டார்: "யாரைக் கேட்டுக் கீறினீங்க?"

5

கலவைக்காரர் செத்துப்போவதாக ஒரு முடிவு எழுதினேன். என் கோபத்துக்கு அதுதான் எடுப்பாக இருந்தது. "மூணு மாசத்துல தன் கால்ல நடந்து வீட்டுக்குப் போனவரை நீ எதுக்குடி கொல்றே?" என்று அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். விசாரணையில் எல்லாரும் எழுந்து கைதட்டுவதாக இன்னொன்று எழுதினேன். அதற்குச் சிரித்தாள்.

உண்மையில் டாக்டருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. அக்காவுக்கு வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றல்.* சாட்சி சொல்ல வந்த கலவைக்காரரின் மனைவியை, இது ஆபீஸ் விஷயம் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

* பூட்டிய பின்கதவுக்காக யாருக்கும் மெமோ போகவில்லை.

6

போன வாரம், மத்தியானம். அதே பிரிவுக்கு, கேஸ் வெடித்து வெந்த ஒரு சமையல்காரம்மா வந்தாள். கீறத் தெரிந்த அதே டாக்டர்தான் டியூட்டியில். அக்கா பக்கத்தில் இல்லை. டாக்டர் சர்ஜனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததை டாக்டரே அக்காவிடம் வந்து சொன்னாள். எனக்கும் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் 'அடப்பாவமே' என்று பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுவீர்கள்.

சமையல்காரம்மாவுக்கு நெஞ்சு எழும்பவில்லை. மீதியை நீங்கள் எழுதுங்கள். யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள், நேரமில்லை.