தேடல் பெட்டியில் ஒரு மன்னிப்பு

திருட்டுப் படம் இறக்கப் போன இடத்தில் அரசாங்கம் உட்கார்ந்திருந்தது. "இந்தத் தளம் தடைசெய்யப்பட்டது. உங்கள் வருகை பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று திரையில் சிவப்பு எழுத்து. வீட்டு இணைய இணைப்பு அக்கா பெயரில் இருக்கிறது. அக்கா வரி அலுவலகத்தில் எழுத்தர். என் ஓசிப் படத்துக்கு அவள் வேலை போய்விடுமே!

அரசாங்கத்துக்குப் போன் செய்து விளக்கியிருக்கலாம். ஆனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, வகுப்பில் எழுந்து பேசப் பயந்துதான். நாம் தேடுவதையெல்லாம் அரசாங்கத்தில் படிக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்களே. அதனால் தேடல் பெட்டியிலேயே எழுதினேன்: "ஐயா, படம் தேடியது நான்தான். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது." பதில் வரவில்லை. நடையை மெருகேற்றி, "மேன்மைமிகு ஐயா" என்று தொடங்கி மறுபடியும் அனுப்பினேன்.

மறுநாள் வீட்டுக் கணினியில் அக்கா தேடல் பெட்டியைத் தொட்டதுமே என் மன்னிப்புகள் வரிசையாக வந்து நின்றன.

"யாருடி இந்த ஐயா?"

தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னேன்.

"அட மக்கு, அந்தப் பக்கத்தத் தொறக்கிற எல்லாருக்கும் அது வரும். எங்க ஆபீசருக்கே வந்துச்சு. அவரு வேலை போகல. போயிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

"அப்ப யாருமே படிக்கலையாக்கா?"

"நான் படிச்சேன்ல."

ஒவ்வொன்றாக அழித்தவள், முதலில் எழுதியதை மட்டும் விட்டுவைத்தாள். "இது இருக்கட்டும். வாயில்லாப் பூச்சி எனக்காக அரசாங்கத்துக்கிட்டயே பேசியிருக்கு."

மெருகேற்றியதை விட்டுவைத்திருக்கலாமே என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.