நனைந்த தரைக்கு ஒரு குற்றவாளி

"பாத்துப் போகத் தெரியாதா இந்த வயசுல? சின்னப் புள்ளையா அவரு?"

"மெதுவாப் பேசுடி. உள்ளதான் இருக்காரு."

"கேக்கட்டுமே! தெனமும் நான்தானே தொடைக்கிறேன்? நீங்களா தொடைக்கிறீங்க? கதவத் தொறந்தாலே குப்புன்னு அடிக்குது. கீழ பாத்தா குளம்."

"அதுக்கு நான் என்ன பண்றது? கூட நின்னு குறி பாத்துக் குடுக்கவா?"

"உக்காந்து போகச் சொல்லுங்க. இல்லன்னா பெரியவங்களுக்குன்னு டயப்பர் விக்கிது, வாங்கி மாட்டி விடுங்க."

"வாங்கிட்டேன். எப்படிக் குடுக்கறதுன்னுதான் தெரியல."

பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் பெரியவர் உட்கார்ந்துதான் இருந்தார். மகனும் மருமகளும் பேசுவது ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. ஒரு வாரமாகவே அவர் உட்கார்ந்துதான் போய்க்கொண்டிருந்தார். மருமகள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து, ஒருவேளை நம் மேல்தான் தப்போ என்று அவருக்கே ஒரு சந்தேகம். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். கோட்டின் மேல் சக்கரத்தை நிறுத்தச் சொன்னால் கோட்டின் மேல் நிறுத்துவார். அப்பேர்ப்பட்ட ஆள் பயந்து பயந்து உட்கார்ந்து எழுந்தும் தரை நனைந்தால், அவர் என்னதான் செய்வார்?

எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. ஃப்ளஷை அமுக்கினார். தண்ணீர் சுழன்று இறங்கியது. இறங்கி முடிந்த பிறகு, கமோடின் அடியில், பின்பக்கமாக, ஒரு மெல்லிய ஈரக்கோடு மெதுவாக வெளியே வந்து புது டைல்ஸ் மேல் படர்ந்தது.

பெரியவர் குனிந்து இரண்டு கையாலும் பீங்கானைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

விஷயம் விளங்கிவிட்டது. டைல்ஸ் போட்டபோது கழற்றி வைத்த கமோடைத் திரும்ப மாட்ட மகன் ஆள் கூப்பிடவில்லை. "இதுக்கெல்லாம் ஒரு பிளம்பரா?" என்று வீடியோ பார்த்துத் தானே மாட்டினான். மாட்டி முடித்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்து சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினான். தரைக்குழாயின் வாய்க்கும் கமோடுக்கும் நடுவில் ஒரு மெழுகு வளையம் உட்கார வேண்டும். அதைத்தான் சீல் என்பார்கள். அது சரியாக உட்காரவில்லை. ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் கொஞ்சம் வெளியே வருகிறது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இவர் மேல் பழி.

"டேய், கோளாறு என்கிட்ட இல்லடா, உன் வேலையில" என்று சொல்லத்தான் கதவைத் திறந்தார்.

எதிரே மகன் நின்றான். கையில் ஒரு பெரிய பொட்டலம். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நீட்டினான். "அப்பா, இது... சும்மா ஒரு சேஃப்டிக்கு."

அவனுக்குப் பின்னால் மருமகள், கையில் போன். ஸ்பீக்கரில் அவளுடைய அம்மா, அதாவது சம்பந்தியம்மா, பேசிக்கொண்டிருந்தார். "வயசானா அப்படித்தான்டி. குழந்தை மாதிரி ஆயிடுவாங்க. நீ கோவப்படாம பழக்கி விடு." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

நாக்கு நுனி வரை வந்த வார்த்தையைப் பெரியவர் விழுங்கினார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் அவர் மனதுக்குள் ஒன்று கெட்டியானது. சொல்லமாட்டேன். யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

மறுநாளே துணிமணியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது பொட்டலத்தை மகன் வீட்டிலேயே, தன் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் தள்ளிவிட்டுப் போனார்.

மகளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேப்பா?"

"எதுக்கு? நனைக்கிறவன் நான்தானே? நான்தான் வந்துட்டேனே. இனிமே தரை காஞ்சுதான் இருக்கணும். இருக்கான்னு பாப்போம்."

"உனக்கு ரொம்பத்தான்ப்பா கொழுப்பு."

"உங்கண்ணனுக்குப் போன் போடு. வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களான்னு கேளு."

அதிலிருந்து மகள் அடிக்கடி போன் போட்டாள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்த பாட்டு கேட்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். "நீங்க நின்னுதானே போறீங்க?" என்று அவள். "நீதான் வாளித் தண்ணிய ஊத்திட்டு தொடைக்காம வர்றே" என்று அவன். பெரியவருக்கு வயிறு குளிர்ந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பிறகு சம்பந்தியம்மா முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்க அந்த வீட்டுக்கே, தன் பெண்ணோடு தங்க வந்தார். தரைக்கு ஒரு புது ஆள் கிடைத்தது. மகன் மாமியாரை ஜாடை மாடையாகச் சொல்ல ஆரம்பித்தான். அடுத்த தடவை போன் போட்டபோது அந்தப் பக்கம் சண்டையே நடந்துகொண்டிருந்தது. மகள் போனைக் காதிலிருந்து எடுத்து அப்பா பக்கம் நீட்டினாள்.

"எங்கம்மாவையா சொல்றீங்க? நாக்கு கூசல?"

"எங்கப்பாவச் சொல்லும்போது உனக்குக் கூசுச்சா?"

பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் அடுத்து வந்த போன் அவருக்கே வந்தது. சம்பந்தியம்மா. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம்.

"சம்பந்தி, பாத்ரூம் வாசல்ல கோணியப் போட்டு, 'அம்மா, கொஞ்சம் பாத்து'ங்கறா என் பொண்ணு. மாப்பிள்ளை மூக்கப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போறாரு. வெக்கமாப் போச்சு. ராத்திரில தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன். உங்களயும் இப்படித்தானே சொன்னாங்க? நானும் சிரிச்சேன். மனசுல வெச்சுக்காதீங்க. நெசமாவே எனக்கு வயசாயிடுச்சா, சம்பந்தி? எனக்கே தெரியாமப் போயிடுதா?"

ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, சீல் லீக்கு." பெரியவர் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. "உடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகு மகள் அவரைப் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

கமோடுக்கு அடியில் வைக்கிற சீல் வேண்டும் என்றதும், கல்லாவில் இருந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார், "தரைக்குப் புதுசா டைல்ஸ் போட்டீங்களா?"

"போட்டாங்க. பழைய தரைய ஒடைக்காம அது மேலயே."

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"பாத்ரூம் வாசல்ல தெனமும் கால் விரல் இடிச்சுதும்மா."

"அப்ப குழாய் வாய் கீழ போயிருக்கும். மெல்லிசு போட்டா எட்டாது. ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறாங்க சில பேரு, அது வழுக்கிடும். தடிசா ஒண்ணு போடுங்க." இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது மெழுகு. ஒரே தடவைதான். இறக்கி உக்கார வெச்சப்புறம் தூக்கினீங்கன்னா அது அவ்வளவுதான், வேற வாங்கணும். இது ரப்பர். கோணலா உக்காந்தாலும் எடுத்துத் திரும்ப வெச்சுக்கலாம். புதுசா செய்யறவங்களுக்கு இதான் சுலபம். மாட்டறது யாரு?"

"என் பையன்."

"பழக்கமா?"

"படம்லாம் எடுத்துப் போட்டிருக்கான்."

பெரியவர் மெழுகை வாங்கினார். ஒரே தடவைதான் என்ற அந்தப் பேச்சு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மகன் வீட்டில் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்தார். "ஃப்ளஷ் பண்ணு. பண்ணிட்டுக் கீழ பாரு" என்றார். மகன் பார்த்தான். மருமகளும் எட்டிப் பார்த்தாள். ஈரக்கோடு பின்பக்கத்திலிருந்து வந்தது, தன் வேலையைத் தான் பார்த்தது. இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"பைப்ப மூடு. ஃப்ளஷ் டேங்கக் காலி பண்ணு. உள்ள கொஞ்சம் தண்ணி நிக்கும், அத ஒத்தி எடுக்கணும்."

"துணி எடுத்துட்டு வரேம்பா."

"துணி எதுக்கு? என் கட்டிலுக்கு அடியில ஒரு பொட்டலம் இருக்கு. எடுத்துட்டு வா."

மகன் எடுத்து வந்து, பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டான்.

"சேஃப்டிக்குன்னு நீ வாங்கினதுதானே? நல்லா உறிஞ்சும். பிரி."

தனக்கென்று வாங்கப்பட்ட டயப்பரைத் தன் மகன் கமோடுக்குள் விட்டு ஒத்தி ஒத்தி எடுப்பதைப் பெரியவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்று போதவில்லை. மூன்று ஆனது. மருமகள் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை நிமிரவில்லை.

நட்டைக் கழற்றிக் கமோடைத் தூக்கினார்கள். அடியில் பழைய மெழுகு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் எதையும் தொடாமல் வழவழவென்று அப்படியே இருந்தது. "சுரண்டு" என்றார். சுரண்டினான். "குழாய் வாயில துணிய அடை, நாத்தம் வருது. அந்த மூலை இன்னும் போகல. இன்னும் கிட்டக் குனி." குனிந்தான். வாந்தி வந்தது, அடக்கிக்கொண்டான். பெரியவர் அவசரப்படுத்தவில்லை.

"துணிய எடுத்துட்டு வளையத்த வை. இது ஒரே தடவைதான், தெரிஞ்சுக்கோ. போல்ட்டு ரெண்டும் ஓட்டைக்கு நேரா வரணும். ஆட்டாம நேரா இறக்கு."

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். ஒரு கணம் மகனின் பிடி நழுவி ஒரு பக்கம் சாய்ந்தது. கெடட்டும் என்று பெரியவரின் பாதி மனம் ஆசைப்பட்டது. அவரையும் மீறி வாய் சொல்லிவிட்டது: "இடது பக்கம்டா, இடது பக்கம் கொஞ்சம்!"

சரியாக உட்கார்ந்தது.

"இப்ப அது மேல நீ உக்காரு. உன் வெயிட்லதான் அது அமுங்கணும். நல்லா உக்காரு. ஆங். பெரியவங்க உக்காந்து போகக் கத்துக்கணும்ல?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்து, உடனே அழுகையானது. "மாமா, மன்னிச்சுக்குங்க மாமா."

நட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஆட்டிப் பார்த்தார்கள், ஆடவில்லை. திரும்பத் திரும்ப ஃப்ளஷ் பண்ணினார்கள். தரை காய்ந்து கிடந்தது.

மகன் கை கழுவிவிட்டு வந்தான். "எப்பப்பா கண்டுபிடிச்சீங்க?"

"சும்மா இருந்தப்ப யோசிச்சேன். தோணுச்சு" என்றார் பெரியவர்.

மருமகள் உடனே அம்மாவுக்குப் போன் போட்டு ஓ என்று அழுதாள். சம்பந்தியம்மா போனைப் பெரியவரிடம் கொடுக்கச் சொன்னார். "உங்க புண்ணியத்துல என் மானம் திரும்ப வந்துச்சு சம்பந்தி. தெரிஞ்ச ஒடனே ஓடி வந்து சொன்னீங்க பாருங்க, நீங்க பெரிய மனுஷன்."

பெரியவரால் "ம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மகன் குனிந்து சுரண்டியபோது இருந்த இனிப்பெல்லாம் அந்த ஒரு "ம்"மில் கரைந்துவிட்டது. அந்த அம்மா தண்ணீர் குடிக்காமல் கிடந்த ராத்திரிகளில் இவர் மகள் வீட்டில் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகனையும் மருமகளையும் இப்படிப் பாடாய்ப் படுத்தியதில் அவருக்கு இன்றுவரை துளி வருத்தமும் இல்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்கிறார். சம்பந்தியம்மா விஷயத்தில் மட்டும் அவருக்கும் மகளுக்கும் தினமும் வாக்குவாதம். "நேராப் போயி, அப்பவே எனக்குத் தெரியும்னு சொல்லிடுப்பா" என்கிறாள் மகள். "அவங்க சிரிச்சாங்கல்ல, கணக்கு சரியாப் போச்சு" என்கிறார் இவர். சொல்லிவிட்டு, போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படித்தவர்கள் சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் அவர் உண்மையைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? மனதில் பட்டதை ஒளிக்காமல் கீழே பதில் எழுதுங்கள். ஒன்று விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டப்படும்.