பட்டியலோடு ஒன்று

முகாம் ஆசிரியருக்குக் குழந்தைகள் வைத்த பெயர் விசில் சார். மனிதர் வாயைத் திறப்பதைவிட விசிலை ஊதுவதுதான் அதிகம். பறவை கண்ணில் பட்டால் ஒரு ஊதல், சாப்பாட்டுக்கு இரண்டு, யாராவது காணாமல் போனால் நீளமாக ஒன்று. பத்து வருடக் கோடை முகாம்களில் அந்த நீள ஊதலுக்கு வேலையே வந்ததில்லை. அவர்தான் ஓயாமல் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாரே! தூக்கத்தில்கூட எண்ணுகிறார் என்று மனைவி கேலி செய்வாள்.

பட்டியலில் உள்ளவர்கள், கூட ஒன்று. அதுதான் அவர் கணக்கு. அந்த ஒன்று அவருடைய மகள். பணியாளர் வீட்டுப் பிள்ளை என்பதால் அவள் பெயர் பட்டியலில் ஏறாது. ஐந்து வயதிலிருந்தே கோடை வந்தால் போதும், அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். போன மழைக்காலத்தில் ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் நான்கே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

"இந்த வருஷம் போகாதீங்க. உங்களால முடியாது," என்றாள் மனைவி.

"வீட்டுல உக்காந்தா மட்டும் முடியுதா?"

முகாம் நிர்வாகியும் சுற்றி வளைக்கவில்லை. "ஊரார் பிள்ளைங்க சார். மனசு நிலையா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் இவர் வந்தார்.

முதல் இரண்டு நாள் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டே ஓட்டிவிட்டார். மூன்றாம் நாள் ஓடையில் நத்தை தேடும் பாடம். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்தக் கும்மாளத்தில் பெயர் கூப்பிட்டால் யார் காதில் விழும்? தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டேதான்.

நீளமாக ஊதினார். குழந்தைகள் அடித்துப்பிடித்துக் கரையேறினார்கள். அவர் சட்டையோடு தண்ணீரில் விழுந்து பாறை இடுக்கிலும் வேர்களுக்கு நடுவிலும் கையை விட்டுத் துழாவினார். சமையற்கார அக்கா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"யாரைக் காணோம் தம்பி?"

"ஒண்ணு கொறையுதுக்கா! இருபத்திரண்டுதான் வருது!"

அக்கா கரையில் கிடந்த பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"தம்பி... லிஸ்ட்டே இருபத்திரண்டுதான்பா."

அவர் துழாவுவதை நிறுத்தினார். கை நிறையச் சேறு. மெல்லக் கரையேறி, விசிலைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி," என்றாள் அக்கா.

"சொல்லிடுங்கக்கா. நிர்வாகிய வேற ஆள் அனுப்பச் சொல்லுங்க. பிள்ளைங்க உயிரு, இதுல விளையாட முடியாது."

வரிசையில் இருந்ததிலேயே பொடிசு ஒன்று, ஈரத்தில் வெடவெடத்துக்கொண்டே அவர் கையைத் தொட்டது.

"சார், நாங்களும் சேர்ந்து தேடட்டுமா?"

"வேணாம்மா. எல்லாரும் வந்தாச்சு," என்றார்.

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.