தக்கைக் கம்பனியின் கார்

கேதீஸ்வரன் வாங்கிய கார் நிலத்தைத் தொடாது என்பது வாங்கி ஐந்தாம் நாள்தான் தெரியவந்தது. அதுவரை யாராவது பக்கத்தில் இருந்தார்கள். விற்ற லெபனான்காரர் ஓட்டிக் காட்டினார். நண்பர்கள் கோயிலுக்கு ஏற்றிப்போகச் சொன்னார்கள். ஐயர்கூட நாலு சில்லுக்கடியிலும் தேசிக்காய் வைத்து நசுக்குவித்து, திருநீறு பூசி அனுப்பினார், ஒரு குறையும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், நோபல் பார்க் என்கிற புறநகரில் தன் வீட்டு வாசலில், அவன் தனியாக ஏறிக் கதவைச் சாத்தியதும் கார் ஒரு சாண் எழும்பி நின்றது. எஞ்சின் உறுமியது, சில்லுகள் சுற்றின, கார் நின்ற இடத்திலேயே நின்றது. இறங்கினான், கார் பூனைபோலக் குந்தியது. ஏறினான், மறுபடி எழும்பியது. அன்று டண்டினோங்கில் தான் வேலைசெய்த பாண் தொழிற்சாலைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், பிந்தியதற்குப் பேச்சு வாங்கினான்.

ஆலோசனை சொல்வதில் நோபல் பார்க் ஆட்கள் ஒருநாளும் பின்நின்றதில்லை. பாரம் போதாது என்றார் ஒருவர். பின்பெட்டி நிறைய அரிசி மூட்டைகளை அடுக்கினான், மூட்டைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கார் எழும்பியது. ஆப்கானிஸ்தான் மெக்கானிக் அவனை உள்ளே இருத்திவிட்டு, ஜாக் இல்லாமலே கீழே படுத்து எண்ணெய் மாற்றினார், வேலை சுகமாக இருந்ததாம், காசும் குறைத்தார். வீட்டில் கூட இருந்த பெடியன் ஒருவனை ஏற்றிப் பார்த்தான். அவன் காதில் இரண்டு குமிழைச் செருகிக்கொண்டு போனை நோண்ட, பின்சில்லுகள் மட்டும் தாழ்ந்து, கார் முன்னங்காலைத் தூக்கிய குதிரையாக நின்றது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும், அந்த ஆள் கதைக்கவும் வேண்டும்.

போனில் கதைத்தால் சரிவருமா என்றும் பார்த்தான். கிளிநொச்சியிலிருந்த மனைவி நிரஞ்சினிக்கு அழைப்பு எடுத்து, போனைப் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

“சாப்பிட்டியளோ?”

“ஓம். பிள்ளை?”

“படிக்குது.”

கார் ஒரு நூல்கூட இறங்கவில்லை. எப்படி இறங்கும்? இவன் அகதியாக இந்த நாட்டுக்குப் படகேறியபோது மகள் வைதேகிக்கு மூன்று வயது. பத்து வருசத்துக்கு மேல் தற்காலிக விசாவில் கிடந்து, ஒருவழியாக நிரந்தர விசா கிடைத்து, குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அதற்குள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சு இந்த மூன்று வரியாக வற்றிப்போயிருந்தது. விற்றுத் தொலை என்று எல்லோரும் சொன்னோம், கேட்கவில்லை. அப்பா சொந்தக் காரில்தான் விமான நிலையத்துக்கு வருவேன் என்று மகளுக்கு அவள் பால்பல் விழுந்த காலத்திலிருந்தே சொல்லிவந்தவன். அதைவிட, அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மனிசியும் பிள்ளையும் ஒருதரம் ஏறி இருந்துவிட்டால் இந்தக் கார் பிறகு ஒருநாளும் எழும்பாது என்று நம்பினான். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அந்த வருசம் முழுக்க எழும்பிக் குளித்து வேலைக்குப் போனான்.

அவனைக் காப்பாற்றியவர் முன்வீட்டு மகாதேவன். கோயம்புத்தூர்க்காரர், படித்தவர், கம்ப்யூட்டர் வேலை, அதனால் இந்தக் கதையில் அவருக்கு மரியாதை கூட. மனைவி பிரிந்து சென்னைக்குப் போனபின் வீட்டிலிருந்தே வேலைசெய்தார். வெள்ளி பின்னேரம் மூடிய வாயைத் திங்கள் காலைக் கூட்டத்துக்குத்தான் திறப்பார், ‘குட் மார்னிங்’ சொல்ல முன்னர் இரண்டு தரம் செருமவேண்டியிருக்கும். வாசலில் கார் அந்தரத்தில் நிற்பதைப் பல நாள் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் மடிக்கணினியோடு இறங்கி வந்தார்.

“எங்கண்ணா போகணும்?”

“வேலைக்கு.”

“நான் சும்மா தனியாத்தான் கெடக்கேன். வர்றேன்.”

ஏறினார், மழை வரும்போல இருக்கிறது என்றார், கார் இறங்கியது. அன்றுமுதல் மகாதேவன் தினமும் பாண் தொழிற்சாலைக்குப் போனார். கேதீஸ்வரன் உள்ளே மாவோடு மல்லுக்கட்ட, அவர் சிற்றுண்டிச்சாலை மூலையில் இருந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். அவருடைய மேலதிகாரிகள் அவர் ஏதோ பேக்கரிக்குக் குடிபோய்விட்டதாக நினைத்தார்கள், வீடியோக் கூட்டத்தில் பின்னால் தட்டுத் தட்டாகப் பாண் போய்க்கொண்டிருந்தால் வேறென்ன நினைப்பார்கள்.

சிக்கல் இரண்டாம் கிழமை வந்தது. இரண்டு தனிக்கட்டைகள் எவ்வளவுதான் கதைப்பது? மழை, வீட்டு வாடகை, கிளிநொச்சித் தோசைக்கும் கோயம்புத்தூர்த் தோசைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் தீர்ந்துபோய், ஸ்பிரிங்வேல் ரோட்டுச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கார் மெல்ல எழும்பத் தொடங்கியது. மகாதேவன் பதறிப்போய், வாயில் வந்ததைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காரைச் செய்த கம்பனி ஆரம்பத்தில் என்ன செய்தது தெரியுமாண்ணா என்று கேட்டார். அவருக்கே அது தெரியாது. ஆனால் கார் இறங்கிவிட்டது. அதன்பிறகு தினமும் காலையில் அந்த ஜப்பான் கம்பனியின் சரித்திரத்தைக் கொஞ்சம் வாசித்துவிட்டு வந்து, பின்னேரம் ரோட்டில் சொல்வது அவருடைய இரண்டாவது உத்தியோகமானது.

ஹிரோஷிமாவில், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதில், அது ஒரு தக்கைக் கம்பனி. முதல் உலக யுத்தத்தில் வெளிநாட்டுத் தக்கை வராமல்போக, உள்ளூர் மரப்பட்டையை உரித்துச் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் நல்ல தக்கை திரும்ப வந்து வியாபாரம் படுத்தது, போதாததற்குத் தொழிற்சாலையில் நெருப்பும் பிடித்தது. பிறகு இயந்திரங்களுக்கு மாறி, பெயரிலிருந்து தக்கையை எடுத்துவிட்டார்கள். பெயரில் எடுத்தவர்கள் இந்த ஒரு காரில் எடுக்க மறந்துபோனார்கள், தக்கை என்றால் மிதக்காதா என்பது மகாதேவனின் கட்சி. கம்பனிமேல் ஒரு குற்றமும் இல்லை என்பது எங்கள் கட்சி. அவர்களுடைய மற்றக் கார்கள் எல்லாம் ஒழுங்காக நிலத்தில்தான் ஓடுகின்றன.

முப்பத்தொன்றில் அவர்கள் முதலில் செய்தது மூன்று சில்லு வண்டி என்றதும் கேதீஸ்வரனுக்குச் சந்தோசம் பொங்கியது. “எங்கடை ஓட்டோ மாதிரியோ?” என்றான். பின்னாடி சாமான் ஏத்துற ஆட்டோண்ணா என்றார் மகாதேவன். அந்தக் கிழமை முழுக்க இருவரும் ஓட்டோக் கதைதான்.

பிறகு குண்டு விழுந்த வருசத்துக்குக் கதை வந்தது. குன்று ஒன்று மறைத்ததால் தொழிற்சாலை தப்பியது, அதற்குள் காயக்காரரைக் கிடத்தினார்கள் என்று மகாதேவன் சொல்ல, கேதீஸ்வரன் காரை ஓரங்கட்டினான். எங்கடை பள்ளிக்கூடமும் அப்பிடித்தான் ஆஸ்பத்திரியா இருந்தது என்று தொடங்கினான். முள்ளிவாய்க்காலில் யாரை எந்த வகுப்பறையில் கிடத்தினார்கள், யார் எழும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்று, நிரஞ்சினிக்கும் சொல்லாததை, விசா அதிகாரிக்கும் முழுதாகச் சொல்லாததை, அந்த ரோட்டோரத்தில் இருந்து சொல்லி முடித்தான். மகாதேவன் அழுதார். கார் அன்று நிலத்தில் பதிந்த பதிவில் சில்லுத் தடம் அந்தப் புல்லில் இன்னும் கிடக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம்.

விசா வந்தது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அதே கிழமை மகாதேவனின் கம்பனி அவரைச் சிட்னிக்கு மாற்றியது, செவன் ஹில்ஸில் வீடு பார்த்திருந்தார். கேதீஸ்வரனின் குடும்பம் இறங்குகிற அன்றைக்கே தன் விமானத்தையும் பிடித்துக்கொண்டார், துல்லமரீன் விமான நிலையம் வரைக்குமாவது காரில் ஆள் வேண்டுமே. போகிற வழியில் சரித்திரத்தின் கடைசித் துண்டைச் சொன்னார். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதில்தான் அவர்கள் குடும்பமாக இருந்து போகிற கார் செய்தார்கள், குட்டிக் கார்.

“நாப்பது வருசம் ஆயிருக்குண்ணா, அதுக்கு.”

“எனக்குப் பதின்மூண்டுதான்” என்றான் கேதீஸ்வரன். மகாதேவன் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளூர் விமானப் பக்கம் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

வைதேகி அப்பாவைவிட ஒரு விரற்கடை உயரமாக வந்து இறங்கினாள். “வணக்கம்” என்றாள், பள்ளிக்கூட அதிபருக்குச் சொல்வதுபோல. நிரஞ்சினி பயணம் சுகம் என்றாள். தாயும் மகளும் பின்னிருக்கையில் ஏறினார்கள். முன்னிருக்கை வெறுமையாகக் கிடந்தது. கேதீஸ்வரன் முருகா என்று சாவியைத் திருப்பினான். கார் எழும்பியது. ஒரு சாண் அல்ல, ஒரு முழம், முன்னொருபோதும் எழும்பாத உயரம்.

“அம்மா, கார் நிலத்திலை முட்டேல்லை” என்றாள் வைதேகி.

கேதீஸ்வரன் ஒரு வருசமாகப் பிடித்துத் தொங்கிய நம்பிக்கை அந்தக் கார்த் தரிப்பிடத்திலேயே அறுந்துபோனது. ஆராவது கதைச்சால்தான் இறங்கும் என்று முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். தாயும் மகளும் ஆளுக்கொரு ஜன்னலால் வெளியே பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒரே கதையைத் தொடங்கினான்.

“ஜப்பானிலை ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதிலை ஒரு தக்கைக் கம்பனி...”

“தக்கையோ?” என்றாள் நிரஞ்சினி. “பதின்மூண்டு வருசம் கழிச்சு வந்து இறங்கியிருக்கிறம், எங்களுக்குத் தக்கைக் கதை சொல்லுறியளோ? பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு நான் போனிலை குளறி அழேக்கை, குளிசை குடுத்தனியோ எண்டு கேட்டுப்போட்டு வைச்ச மனிசனெல்லோ நீங்கள்! உங்கடை அம்மாவின்ரை செத்தவீட்டை ஆர் தனிய நிண்டு பாத்தது?”

கார் அரை முழம் இறங்கியது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

“வாயைத் திறவுங்கோவன்!”

“பயம், நிரஞ்சினி” என்றான். “நீ அழுதால் என்னாலை அங்கை ஓடிவரேலாது. அந்தப் பயத்திலைதான் குளிசையைக் கேட்டனான். போனை வைச்சுப்போட்டு நானும் இருந்து அழுதனான்.”

கார் தொம்மென்று நிலத்தில் விழுந்தது. நிரஞ்சினி இறங்கி, முன்கதவைத் திறந்து, பக்கத்தில் வந்து இருந்துகொண்டு மிச்சத்தையும் ஏசினாள். நோபல் பார்க் வரைக்கும் ஏசினாள். கார் ஒரு நூல்கூட எழும்பவில்லை.

இப்போதும் சில நாள்களில் கேதீஸ்வரன் ஏறியதும் அந்தக் கார் அரைச் சாண் உயரத்தில் வாசலில் நிற்பதுண்டு. இன்றைக்கு வீட்டில் கதைபேச்சில்லை என்று நினைத்துக்கொண்டு நாங்கள் கடந்துபோவோம், பின்னேரம் இறங்கிவிடும். போன மாதம் மகாதேவன் செவன் ஹில்ஸிலிருந்து போன் எடுத்தார். தானும் அதே கம்பனிக் கார் ஒன்று வாங்கியதாகச் சொன்னார். ஓடுதோ என்று கேதீஸ்வரன் கேட்டான். அந்தப் பக்கம் இரண்டு தரம் செருமுகிற சத்தம் கேட்டது.

“ஸ்டார்ட் ஆகுதுண்ணா.”

நிரஞ்சினி புட்டு அவித்துக் கட்டிக் கொடுத்தாள், அந்த மகாதேவன் பெடியனைப் போய்க் காரோடை கூட்டிக்கொண்டு வாங்கோ என்றாள். சனிக்கிழமை கேதீஸ்வரன் சிட்னிக்கு விமானம் ஏறினான். ஒருவழி டிக்கெட்தான் எடுத்திருந்தான்.