இரண்டு பேரும் வீட்டில் இருந்தால்

பிப்ரவரி 9, செவ்வாய்

இன்று ஒரு தப்புச் செய்தேன். தாய்சேய் நிலையத்தில் செவிலி மிர்யா, என் மகன் நீலோவிடம் ஒரு முள்ளெலிப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். நான்கு வயதுப் பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதில் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சைலா, பரீட்சை உனக்கில்லம்மா," என்று சிரித்தார் மிர்யா.

அடுத்து ஏணி, வாளி. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவன் வாயே திறக்கவில்லை.

"அவன் ஜாடை உனக்குப் புரியுது. அப்புறம் எதுக்குப் பேசணும்? பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துல சேரு, நாலு பிள்ளைங்க அவன் மண்வெட்டியப் புடுங்கட்டும், தானா வாய் திறப்பான்."

சின்னப் பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க அரசு மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தால்தான் நகராட்சி அதற்கு மேல் கூடுதல் தொகை தரும். நீலோ காப்பகத்துக்குப் போனால் ஒன்றரை வயது மகள் எல்சிக்கு வரும் அந்தக் கூடுதலும் நின்றுவிடும். மிச்சமுள்ள அரசுத் தொகை வாடகைக்கே போதாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்ப வேண்டும். எல்சியும் காப்பகம் போக வேண்டும். நான்கு வருடத்தில் லென்ஸ் தீட்டும் இயந்திரங்களெல்லாம் மாறியிருக்கும். மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறேன் என்று பெயர். பாதி நேரம் தூங்குகிறேன்.

என் கணவன் கிம்மோ கயானி ஊருக்கு மர லாரி ஓட்டிவிட்டு ஐந்து மணிக்கு வந்தான். குளிப்பதற்கான சானா நீராவி அறை சூடாகும்வரை பேசினோம்.

"எங்கப்பாவும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலையாம்," என்றான்.

"இப்ப மட்டும் எங்க பேசுறாரு?"

சிரித்துவிட்டான். பிறகு, "எல்சி ரொம்பச் சின்னவ. இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே," என்றான்.

"அப்ப நீ வீட்டுல இரு. அப்பாக்களுக்கும் அந்தப் பணம் உண்டு."

அவன் துண்டைத் தேடிக்கொண்டு போய்விட்டான். கோபமா, களைப்பா, தெரியவில்லை. எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

சாப்பாட்டு மேசையில் நீலோ பால் குவளையைக் காட்டினான். நான் எடுத்துத் தரவில்லை. "என்ன வேணும், சொல்லு கண்ணு." விரல் அப்படியே நின்றது. கண் கலங்கியது. அப்போது உயர நாற்காலியிலிருந்து எல்சி, "பால்! அண்ணாக்குப் பால்!" என்று கத்தினாள். கிம்மோவின் கரண்டி பாதியில் நின்றது. நீலோ நிம்மதியாகத் தங்கையைப் பார்த்தான். அவனுக்காகப் பேச இப்போது இரண்டு பேர்.

"கடைக்குப் போன் பண்ணிப் பாரு," என்றான் கிம்மோ, என்னைப் பார்க்காமல்.

எல்சிக்கு இது நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நாளை: காலையில் கடையை அழைத்து, மார்ச்சில் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். காப்பகத்தில் இருவருக்கும் இடம் கேட்டு எழுதிப் போட வேண்டும்.